தாய்மொழி என்று ஒரு கட்டம்

இது மூன்றாவது பள்ளிக்கூடம். பொன்னியம்மாளுக்கு உள்ளங்கால் தீயாய் எரிந்தது. சித்தூர் வெயிலில் காலையிலிருந்து நடையாய் நடந்து, தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சைக் கண்டதும், யாரும் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டாள்.

திருத்தணியை விட்டுக் கிளம்பி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் இரண்டு ஊர், மூன்று வீடு. எல்லையைப் பிரித்தவர்கள் திருத்தணியை மதராஸ் பக்கம் கொடுத்தார்கள். அங்கே தாலுகா ஆபீஸில் டபேதாராக இருந்த அவள் புருஷன் முனிரத்தினத்தை ஆந்திரா பக்கம் அனுப்பினார்கள். ஊர் அந்தப் பக்கம், ஆள் இந்தப் பக்கம், இது என்ன கூத்து என்று யாரைக் கேட்பது? கேட்பதென்றால் அவரைத்தான் கேட்க வேண்டும். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது ஆபீஸில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். அதில் தாய்மொழி என்று ஒரு கட்டம். மனுஷன் அதில் 'தெலுங்கு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நகரிக்குப் பக்கத்தில் பிறந்து தெலுங்குப் பள்ளியில் படித்தவர். இனி எல்லாம் தெலுங்குதானே, அப்படி எழுதினால் சீக்கிரம் மேலே போகலாம் என்று யாரோ காதில் ஓதினார்களாம். வீட்டில் அவர் திட்டுவதும் தமிழில்தான், தூக்கத்தில் உளறுவதும் தமிழில்தான். மேலே போனாரோ இல்லையோ, அந்த ஒரு வார்த்தையைப் பார்த்து அவரை இங்கே தள்ளிவிட்டார்கள்.

முதலில் திருப்பதியில் போட்டார்கள். திருச்சானூரில் ஓர் அறை பிடித்து மூட்டையை அவிழ்ப்பதற்குள் சித்தூருக்கு மாற்றல். ஆபீஸ்காரர்களுக்கு என்ன, ஒரு கையெழுத்து. பாகாலாவில் ரயில் மாறும்போது அம்மிக்கல்லையும் பிள்ளைகளையும் எண்ணி எண்ணி ஏற்றியவளுக்கல்லவா தெரியும்!

அதெல்லாம் போகட்டும். மூத்தவள் செங்கம்மாவின் படிப்புதான் இப்போது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. திருத்தணியில் தமிழில் ஏழாம் வகுப்பை முதல் மாணவியாக முடித்தவள். திருப்பதிப் பள்ளியில், தெலுங்கு தெரியாத பிள்ளையை ஐந்தாம் வகுப்பில்தான் வைப்போம் என்றார்கள். சித்தூரில் முதல் பள்ளியிலும் அதே பேச்சு. இரண்டாவது பள்ளியில் பெரிய மனசு பண்ணி ஆறாம் வகுப்பு என்றார்கள்.

"சின்னப் பசங்களோட ஒக்கார மாட்டேன். எட்டாவது குடுத்தா படிக்கிறேன். இல்லன்னா வூட்லயே கீறேன்" என்று செங்கம்மா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பதின்மூன்று வயசுப் பெண்ணைப் படிப்பை விட்டு வீட்டில் உட்கார வைத்தால் அடுத்து என்ன பேச்சு வரும் என்று பொன்னியம்மாளுக்குத் தெரியாதா? அவளுக்கே பதினாலில் கல்யாணம் ஆயிற்று.

இந்த மூன்றாவது பள்ளியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ்ப் பிரிவு உண்டு என்று கேள்விப்பட்டுத்தான், இளையவள் சந்திராவையும் கூட்டிக்கொண்டு நாலு பேருமாக வந்திருந்தார்கள். தலைமை ஆசிரியர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார்.

"ரண்டி, ரண்டி! உள்ள வாங்கம்மா. தமிழ் கிளாஸ்ல ஒம்போது பிள்ளைங்கதான் இருக்காங்க. பத்து இருந்தாத்தான் நடத்தலாம்னு உத்தரவு. சாமி பாத்து உங்களை அனுப்பியிருக்கான்."

செங்கம்மாவின் முகம் மலர்ந்தது. தலைமை ஆசிரியர் அவளுடைய மாற்றுச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"இதென்னய்யா, தாய்மொழி தெலுங்குன்னு இருக்கு?"

ஆபீஸில் எழுதியதையே பள்ளியிலும் எழுதி வைத்திருந்தார் புண்ணியவான்!

"தெலுங்குப் பொண்ணைத் தமிழ் கிளாஸ்ல சேத்துக் கணக்குக் காட்டறேன்னு இன்ஸ்பெக்டர் என் தலைய உருட்டுவாரே. தமிழ்தான்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, சேத்துக்கறேன்" என்றார் தலைமை ஆசிரியர்.

முனிரத்தினம் தலையைச் சொறிந்தார். "ஆபீஸ் ரிஜிஸ்டர்ல தெலுங்குன்னு கீது சார். இங்க மாத்தி எழுதினா பொய் சொன்னவன்னு ஆயிடும். வேலைக்கே வேட்டு வெச்சிடுவாங்க."

செங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் தரையில் விழுந்ததைப் பொன்னியம்மாள் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ!

"சார், அந்தக் கட்டத்துல இன்னா போட்டுக்கீது? எனக்குப் படிக்கத் தெரியாது, சொல்லுங்க."

"தாய்மொழின்னு போட்டிருக்கும்மா."

"இதுக்குத் தாயி ஆரு சார்? நான்தான? இவரு தாயி இன்னா பேசினாங்களோ, அது இவரு ரிஜிஸ்டர்ல கெடக்கட்டும். அத்த ஆரும் மாத்த வோணாம். இதைப் பெத்தவ நானு. எனக்குத் தமிழத் தவுர ஒண்ணும் தெரியாது. இத்தினி வருசத்துல என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?"

மாமியாரும் தமிழ்தான் பேசினாள். செத்துப்போய் நாலு வருஷமாகிறது, பாவம், எழுந்து வந்து மறுக்கவா போகிறாள்!

தலைமை ஆசிரியர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "பாகுந்தம்மா, நல்லா இருக்கு! வக்கீலுக்குக்கூட இது தோணாது" என்று ஒரு காகிதத்தை எடுத்து, மாணவியின் தாயார் பேசுவது தமிழ் என்று எழுதி நீட்டினார். பொன்னியம்மாள் கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தாள். செங்கம்மாவுக்கு எட்டாம் வகுப்பு கிடைத்துவிட்டது.

"சின்னதுக்கும் இதே மாதிரி எழுதிடறேன்" என்று ஆறு வயசு சந்திராவைக் காட்டினார் அவர். "ஒண்ணாம் கிளாஸ்லயும் எனக்குத் தமிழ்ப் பிள்ளைங்க வேணும்."

"அங்க எத்தினி பேரு கீறாங்க சார்?"

"ஆறு. இன்னும் நாலு பேர் கிடைச்சா நடக்கும், இல்லன்னா தெலுங்குல சேத்துடுவோம். என்ன செய்யறது, வருஷா வருஷம் இதே பாடுதான்."

பொன்னியம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். பெரியவளுக்கு இன்னும் நாலு வருஷம், எப்படியாவது ஓட்டிவிடலாம். இதற்குப் பதினோரு வருஷம். ஒவ்வொரு ஜூன் மாதமும் பத்துத் தலை சேருமா, சேராதா என்று இதே வாசலில் வந்து நிற்க வேண்டும். அவளுக்கு அலுத்துவிட்டது. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட அலுப்பு.

"இதுக்குத் தெலுங்குன்னே எழுதிக்குங்க சார்."

"இப்பத்தானேம்மா தமிழ்னு சத்தியம் பண்ணே?"

"அது பெரியவளுக்கு. இதுக்கு அவங்க நைனா எழுதினதே இருக்கட்டும். இங்கியே வளந்து இங்கியே பொழைக்கப்போற பொண்ணு. பத்தாவது புள்ளையத் தேடிக்கினு என்னால அலைய முடியாது சார்."

செங்கம்மா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். திருச்சானூர் அறையில் கரித்துண்டால் சுவரில் எழுதி, தங்கைக்கு ஔ வரைக்கும் அவள்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். இந்தத் தடவை தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. இன்னொரு காகிதத்தை நீட்டினார். அதே விரல், அதே மை. கைநாட்டு விழுந்தது.

வெளியே வந்ததும் முனிரத்தினம் மெல்ல ஆரம்பித்தார். "மூணு மாசமா என்னைக் கரிச்சுக் கொட்டினியே, இப்ப நீயும் அதையேதான எழுதிக் குடுத்தே?"

"ஆமா, குடுத்தேன். எனக்கும் காலு நோவுதில்ல?"

அவர் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார்.

சந்திரா அம்மாவின் மை படிந்த விரலைப் பிடித்துக்கொண்டு ஏதோ யோசனையாகவே வந்தாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் நின்றாள்.

"எம்மா, நீ அக்காவுக்கு மட்டும்தான் தாயா? எனக்கு இல்லியா?"

பொன்னியம்மாள், நன்றாக நடக்கத் தெரிந்த ஆறு வயசுப் பிள்ளையை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வீடு ஒன்றரை மைல். வழியில் முனிரத்தினம் இரண்டு தடவை கையை நீட்டிக் கேட்டார். அவள் இறக்கிவிடவே இல்லை.