நாற்பத்தோரு மீட்டர் கம்பி

அண்ணனுக்கு சத்ரி பட்டிருந்த கடன் நூற்று முப்பத்தைந்து யூரோ. அப்பாவைச் சுவர்ப்பக்கமாகப் புரட்டி, வெந்நீரில் நனைத்த துணியால் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோதும் அந்தக் கணக்கே அவன் மண்டைக்குள் ஓடியது. மூன்றாவது வைஃபை பெட்டிக்கும் கம்பிக்குமாக எண்பது. கூலி ஐம்பத்தைந்து. ஜெர்மனியிலிருந்து ஹாலித் எல்லாவற்றையும் முன்பணமாகவே அனுப்பிவிட்டான். கூடப்பிறந்தவனுக்குக் கூலி போட்டு அனுப்புகிறவனிடம் வேறென்ன பேச முடியும். வேலை முடியாதவரைக்கும் அது கடன்தான்.

"கம்பி வந்துச்சா?" என்று அப்பா பைருஷ் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சில் பாதி மூச்சாகவே வரும்.

"கம்பி உள்ள வந்து பதினெட்டு நாளாச்சுப்பா. பிளக்குதான் இன்னும் வரல."

"நாளைக்கா?"

"நாளைக்கு."

பொய். கம்பி முனையில் கவ்வுகிற கண்ணாடி பிளக்குகள் இரண்டும் அவன் சட்டைப் பையில் இருந்தன. குனிந்து துடைக்கும்போது நெஞ்சில் குத்தின.

முற்றத்தைச் சுற்றி மூன்று வீடுகள். இரண்டு புதியவை, செங்கல் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி. ஒன்று ஹாலித்துக்கு, ஒன்று சத்ரிக்கு. இரண்டுக்கும் பணம் ஹாலித்துடையது, இரண்டுக்கும் கல் சுமந்த முதுகு சத்ரியுடையது. ஹாலித்தின் வீட்டில் அவன் லீவில் வரும் ஆகஸ்ட் மாதம் மட்டும் விளக்கெரியும். ஆனால் இன்டர்நெட் பெட்டி அங்கேதான் இருந்தது. பில் கட்டுகிறவன் அவன். மூன்றாவது, மூலையில் நிற்கும் பழைய கல் வீடு. முழங்கை நீளத்துக்கு மேல் கனமுள்ள சுவர், துப்பாக்கி நீட்டுவதற்காக விட்ட சன்னல்கள். கைபேசிக் கோபுரம் மலைக்கு அந்தப்பக்கம் என்பதால் அந்த வீட்டுக்குள் ஒரு கோடுகூட ஏறாது. அப்பாவை அங்கிருந்து தூக்கினால் வழியிலேயே போய்விடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரும் "என்னைத் தூக்கறது ஒருதரம்தான், அது இங்கருந்துதான்" என்று சொல்லிவிட்டார்.

முதலில் சத்ரி சந்தையில் இரண்டு ரிப்பீட்டர் வாங்கிச் சொருகிப் பார்த்தான். முற்றம் தாண்டுவதற்குள் வைஃபை இளைத்துவிடும். இளைத்ததைத்தானே அதுவும் எடுத்துச் சொல்லும். ஹாலித்தின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. ஜாக்கோவா டவுனில் கம்பி விற்கும் கடைக்காரன் சிரித்தான்.

"கல்லுக்குக் காது கேக்காதுய்யா. கம்பிய உள்ள கொண்டுபோ. அந்த அறையிலயே ஒரு பெட்டிய மாட்டு. கரண்டும் அதே கம்பில போயிரும், உனக்கு ஒரு வேலை மிச்சம்."

கொண்டுபோனான். நாற்பத்தோரு மீட்டர் பள்ளம் தோண்டி, குழாய்க்குள் கம்பியை இழுத்து, கல்சுவரை இரண்டு நாள் துளைத்து, அப்பாவின் கட்டிலுக்கு எதிரே உத்தரத்தில் வெள்ளைப் பெட்டியை மாட்டினான். தன் வீட்டில் ஒன்று, ஹாலித்தின் கேமராவுக்காக மாட்டுக்கொட்டகையில் ஒன்று என்று இரண்டு பெட்டிகள் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தன. வாங்கிய பத்து பிளக்கில் நாலு அவற்றுக்குப் போயின. நாலு கை பழகுவதற்குள் கெட்டன. மிச்சம் இரண்டு. அப்பாவின் அறைக் கம்பிக்கு இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. அரைமணி வேலை. அதைத்தான் அவன் பதினெட்டு நாளாகச் செய்யவில்லை.

போன குளிர்காலம் கல் வீட்டின் புகைபோக்கி இடிந்து விழுந்தது. அப்போது அப்பாவுக்குத் தெம்பு இருந்தது. பன்னிரண்டு நாள் ஹாலித்தின் வீட்டில் வைத்திருந்தார்கள். தினமும் ஷிப்ட் முடிந்ததும் ஹாலித் கைபேசியில் வருவான். மூன்று வருஷமாகத் தூக்கி, துடைத்து, ஊட்டுகிறவனிடம் "தண்ணி", "திருப்பு", "கதவைச் சாத்து" என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழிக்காத மனுஷர் அந்தத் திரையிடம் கதை சொன்னார். சாப்பிட்டாயா என்று கேட்டார். பன்னிரண்டாம் நாள், சத்ரி அவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருக்கும்போது, "உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். சத்ரி தலை நிமிரவில்லை. சுண்டுவிரல் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் வெட்டினான்.

வாளியோடு கொல்லைப்பக்கம் வந்தபோது அவன் மனைவி ஹத்மானே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சட்டையக் கழட்டிக் குடுங்க, அலசிப் போட்டுர்றேன்."

"நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கு, நாளைக்கு. இந்த வீட்டுல எல்லாம் நாளைக்குத்தான்." கொடியில் ஒரு துண்டை உதறிப் போட்டாள். "போன வாரம் துவைக்கையிலயே பையில ரெண்டு கண்ணாடிப் பல்லு கெடந்துச்சு. தொடச்சு திரும்ப வெச்சேன்."

அவன் வாளியைக் கவிழ்த்தான். தண்ணீர் செருப்பு வரைக்கும் வந்தது.

"நான் ஒண்ணும் கேக்கல," என்றாள். "பெரியவர் மூச்சு காலையிலருந்து வேற மாதிரி இருக்கு. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் மாறுச்சு. அதை மட்டும் சொல்றேன்."

அவன் கவ்வும் இடுக்கியை எடுத்துக்கொண்டு கல் வீட்டுக்குப் போனான். நாற்காலி மேல் ஏறிக் கம்பியின் தோலைச் சீவினான். உள்ளே எட்டு மயிரிழை. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, பிறகு நீலம். இந்த இடத்தில்தான் கை ஏமாறும். பச்சை வெள்ளைக்குப் பக்கத்தில் பச்சையை வைக்கத்தான் யாருக்கும் தோன்றும்.

"வந்துருச்சா?" என்றார் அப்பா கட்டிலிலிருந்து.

"ம்."

"யாரு கொண்டாந்தா?"

இடுக்கியை அழுத்தினான். கடக்கென்று கேட்டது. பெட்டியில் சொருகினான். விளக்கு எரியாது, அந்த முனையும் முடிந்தால்தான்.

"தொப்பிய எடு. ஹாலித் பாப்பான்ல."

ஆணியிலிருந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியை எடுத்து, அவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, பின்னந்தலையைத் தாங்கி அணிவித்தான். தலை கனக்கவே இல்லை. அப்பா அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் கை நடுங்குது," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "டீ குடிச்சிட்டுப் பண்ணு."

சத்ரி இடுக்கியை எடுத்துக்கொண்டான். பிறகு வெளியே போய்விட்டான்.

ஹாலித்தின் வீட்டுக்குள் கால் வைத்ததும் பையிலிருந்த கைபேசி அடித்தது.

"என்னடா, பிளக்கு வந்துருச்சாமே. ஹத்மானே எழுதியிருந்தா. எனக்கு இடைவேளை இருபது நிமிஷம்தான். அப்பா முழிச்சிட்டிருக்காரா?"

"தொப்பி போட்டு உக்காந்திருக்காரு. ரெண்டு நிமிஷம்ணே."

"உக்காந்திருக்காரா? அப்ப நல்லாத்தான் இருக்காரு. நீ ஒண்ணுன்னா பத்துன்னு சொல்றவன்."

கைபேசியைத் தரையில் வைத்தான். இழைகளைப் பிரித்து, வரிசையாக நீவி, நுழைத்து, அழுத்தினான். கடக். சொருகினான். இன்டர்நெட் பெட்டியில் மற்ற இரண்டு கம்பிகளின் விளக்குகளும் சிமிட்டிக்கொண்டிருந்தன. மூன்றாவது இருட்டாகவே இருந்தது. பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினான். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கண்ணாடிக்குள் தெளிவாகத் தெரிந்தது. பச்சை வெள்ளைக்குப் பக்கத்தில் பச்சை.

கவ்விய பிளக்கைக் கழற்ற முடியாது. வெட்டித்தான் எறியலாம். வேறு இல்லை.

சன்னல் வழியே பார்த்தான். கல் வீட்டு வாசலில் ஹத்மானே நின்றாள். அவள் கூப்பிடவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு இவன் நிற்கும் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்ரி?" என்றது தரையிலிருந்த கைபேசி. "லைன்ல இருக்கியாடா?"

மறுநாள் காலை விமானத்தில் ஹாலித் வந்தான். அப்பாவின் உடலைக் குளிப்பாட்ட, பள்ளிவாசல் ஹோஜாவுக்குத் துணையாக மகன்கள் இருவரும் நின்றார்கள். ஹாலித் பாதித் தண்ணீரைத் தரையில் சிந்தினான்; சத்ரி சொம்பை வாங்கிக்கொண்டான். உடம்பை எந்தப்பக்கம் சாய்ப்பது, தோளை எங்கே தாங்குவது என்று அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மூணு வருஷம் படுத்த உடம்பு," என்றார் ஹோஜா. "முதுகுல ஒரு புண்ணு இல்ல. நான் எத்தனையோ பாத்திருக்கேன்."

ஹாலித் தம்பியைப் பார்த்தான். சத்ரி தண்ணீரை ஊற்றினான்.

தொழுகை முடிந்ததும் ஹோஜா பாடையின் தலைமாட்டில் நின்று ஊராரைப் பார்த்துக் கேட்டார்.

"பைருஷ் உங்க நடுவுல வாழ்ந்தவர். சொல்லோ, பொருளோ, யாருக்காவது இவர்கிட்ட பாக்கி இருந்தா, அதை விட்டுக்கொடுத்து ஹலால் ஆக்குறீங்களா?"

"ஹலால்," என்றார்கள் எல்லோரும்.

மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை சத்ரியின் குரல் மற்றவர்களுடையதைவிட உரக்க வந்தது. பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். அவன் மனசாரத்தான் சொன்னான். சொன்ன பிறகும் ஹோஜாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான், செத்தவர் பக்கத்துக் கேள்வி ஒன்று இன்னும் பாக்கி இருப்பதுபோல.

"தூக்குங்க," என்றார் ஹோஜா.

மண் தள்ளிவிட்டு வந்து கல் வீட்டிலேயே ஆண்களை உட்காரவைத்தார்கள். கட்டிலை எடுத்துவிட்டுக் கம்பளம் விரித்திருந்தது. வந்தவர்கள் நெஞ்சில் கை வைத்து, "உங்க தலை நல்லாருக்கட்டும்" என்று சொல்லி அமர்ந்தார்கள். சத்ரி சிகரெட் தட்டையும் டீயையும் ஏந்திச் சுற்றினான். சூரிச்சிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரன் கைபேசியை உயர்த்திப் பிடித்துப் பார்த்துவிட்டு உத்தரத்துப் பக்கம் தலையை ஆட்டினான்.

"அந்தப் பெட்டி வேலை செய்யுதா? பாஸ்வேர்டு என்ன?"

"உங்கப்பன் செத்தா நீ அடக்கத்துக்கு வருவியா, பாஸ்வேர்டு கேட்டு வருவியா?" என்றார் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் தாஹிர். இரண்டு பேர் மீசைக்குள் சிரித்தார்கள்.

ஹாலித் அந்தப் பெட்டியை அண்ணாந்து பார்த்தான். எழுந்து, தம்பிக்குக் கண் காட்டிவிட்டு வெளியே போனான். விறகு அடுக்கியிருந்த சுவரோரம் நின்றார்கள்.

"அந்தக் கடைக்காரன் எந்தத் தெருவுல இருக்கான்?"

"எதுக்குண்ணே?"

"நாளைக்கு நான் போறேன். ஒரு பிளக்கு என்ன வெலை?"

"முப்பது சென்ட்."

"முப்பது சென்ட் சாமானுக்குப் பதினெட்டு நாள். 'நாளைக்கு நாளைக்கு'ன்னு உன்னை அலைய விட்டிருக்கான். அவன் அப்பனுக்கு இப்படிச் செஞ்சிருந்தா சும்மா இருப்பானா? நீ வாயில்லாப்பூச்சி, உன்னை எவனும் ஏமாத்துவான். நான் கடையில நாலு பேர் முன்னாடி வெச்சுக் கேக்கறேன்."

தலையாட்டினால் போதும். இரண்டு நாளில் அண்ணன் ஜெர்மனிக்குப் போய்விடுவான். கடைக்காரன் ஒருநாள் திட்டு வாங்குவான். திட்டில் யாரும் சாவதில்லை. சத்ரி ஒரு விறகுக் கட்டையின் பட்டையை நகத்தால் உரித்தான்.

"அவன் மேல தப்பில்லண்ணே. பிளக்கு என்கிட்டதான் இருந்துச்சு."

"எப்பருந்து?"

"மொத நாள்லருந்து."

ஹாலித் சிகரெட்டை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினான். சாம்பல் நீண்டு கோட்டில் விழுந்தது.

"ஏன்?"

சத்ரிக்கு எங்கே ஆரம்பிப்பதென்று தெரியவில்லை. ஒரு சுண்டுவிரல் நகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதைச் சொன்னால் சின்னப்பிள்ளை பேச்சாக இருக்கும். சொல்லாவிட்டால் காரணமே இல்லாததாக இருக்கும். உள்ளேயிருந்து யாரோ டீ கேட்டார்கள்.

"அந்த நூத்தி முப்பத்தஞ்சு," என்றான் ஹாலித், கோட்டிலிருந்த சாம்பலைத் தட்டிவிட்டு. குரல் தணிந்திருந்தது. "திருப்பித் தர வேண்டாம்."

"இல்லண்ணே, மாசக் கடைசியில நான்..."

"ஹலால்னு சொல்றேன்ல."

சந்தையில் மாடு விற்றவன் சில்லறையை விட்டுக்கொடுக்கும்போது சொல்வதுபோலச் சொன்னான். சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டு வாசல்பக்கம் போனான்.

சத்ரி சமையலறைக்குப் போய், ஹத்மானே ஊற்றி வைத்திருந்த டீயை எடுத்து வந்தான். கல் வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போய் எல்லோருக்கும் கொடுத்தான். காலிக் கோப்பைகளைப் பொறுக்கினான். வெயில் சன்னல் துளையை விட்டு இறங்கியிருந்தது. ஹாலித் ஒருமுறை எழுந்து வெளியே போய்விட்டு வந்து தாஹிருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தலை நிமிரவில்லை.

கோப்பைத் தட்டோடு சத்ரி வாசலுக்கு வந்தான். விருந்தாளி கிளம்பும்போது திரும்பித் தேடாமல் மாட்டிக்கொள்ள வசதியாக, வீட்டுக்காரன் செருப்புகளை முற்றம் பார்க்கத் திருப்பி வைக்க வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அது சத்ரியின் வேலை; அவனுடையதை யாரும் திருப்பி வைத்ததில்லை. இன்றைக்கு ஹாலித் செய்திருந்தான். நாற்பது ஜோடியும் கல்லறை மண் அப்பியபடி வரிசையாக முற்றத்தைப் பார்த்து நின்றன. வரிசையின் கடைசியில், குதிகால் தேய்ந்த சத்ரியின் பூட்ஸும் மற்றவற்றைப்போலவே வெளியே பார்த்துத் திரும்பியிருந்தது.

இருபத்திரண்டு வருஷமாக ஊரில் இல்லாதவனுக்குத் தம்பி போடுவது எதுவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்திருக்கவும் கூடும்.

சத்ரி தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி கால்களை பூட்ஸுக்குள் விட்டான். குனிய வேண்டியிருக்கவில்லை.