காய்ச்சல் அறையில் ஒரு விசில்

குளியல் விழா முடிந்ததுமே எங்கள் வீட்டுப் பெரியவருக்குக் காய்ச்சல் கண்டுவிடும். வருடா வருடம் இதே கதைதான். வெயில் தாங்கவில்லை என்று ஊரே கூடி, மேடையில் ஏற்றி, குடம் குடமாகத் தண்ணீரைத் தலையில் கொட்டினால் வராமல் என்ன செய்யும்? கொட்டுவது ஊர், பார்த்துக்கொள்வது நாங்கள். நாங்கள் தைதா வம்சம், ஜகன்னாதருக்குச் சொந்தக்காரர்கள். உடம்புக்கு முடியாதபோது சொந்தக்காரன்தானே கிட்டே இருக்க வேண்டும்? அண்ணன், தங்கை, அவர் என்று மூவரையும் உள்ளறையில் படுக்கவைத்து, வாசலுக்கு மூங்கில் தட்டி கட்டி, பழச்சாறும் மூலிகைக் கஷாயமுமாகப் பதினைந்து நாள் ஓட்டுவோம். சோறு கிடையாது. மணி, சங்கு எதுவும் கிடையாது. காய்ச்சல்காரர் தலைமாட்டில் யாராவது மணி அடிப்பார்களா?

புரி பெரிய கோயிலில் இந்த வேலைக்கு ஆட்கள் நெருக்கியடிப்பார்கள். எங்கள் ஊர்க் கோயில் சின்னது. என் தம்பி பௌரியும் நானும்தான் மொத்தப் பட்டாளமும். இந்த வருடம் பௌரிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதனால் விசிறி வீச டைம்பாபுவைச் சேர்த்துக்கொண்டேன். சொந்தம் இல்லாத ஆள் உள்ளே வரலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களிடம் பனையோலை விசிறியை நீட்டினேன். அப்புறம் யாரையும் காணோம்.

டைம்பாபுவின் பெயர் பீதபாச ஜேனா. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவர் வீட்டுக்கு யாருக்கும் வழி தெரியாது. பேருந்து நிலையத்தில் வாழ்நாள் முழுக்க டைம்கீப்பராக இருந்தவர். வண்டி கிளம்ப ஒரு நிமிடம் தாமதமானால் டிரைவரின் பரம்பரையையே இழுத்துத் திட்டுவார். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் கழுத்தில் துளசி மாலையோடு அந்தப் பித்தளை விசில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. கழற்றினால் கழுத்து வெறிச்சென்று இருக்கிறதாம்.

இந்த மூன்று வருடமாக அவர் கோயிலுக்குச் செய்யாத வேலை இல்லை. பிராகாரம் பெருக்குவார், பூ பறிப்பார், தேர்க்கயிற்றுக்கு எண்ணெய் போடுவார். எல்லாவற்றையும் அடுத்த வண்டிக்கு நேரமாகிவிட்டது போலச் செய்வார். செய்துவிட்டு என்னிடம் வந்து நிற்பார்.

"கிருபா, மனசு எப்போப்பா அடங்கும்?"

"எனக்கென்ன தெரியும், டைம்பாபு? நான் என்ன டைம்டேபிளா போட்டு வச்சிருக்கேன்?"

"இல்ல, தோராயமா."

நான் சிரித்துவிடுவேன். ஆனால் அவர் சிரிக்கமாட்டார். நிஜமாகவே அந்த மனிதருக்குத் தவிப்பு. ஊரில் ஆளாளுக்குக் கண்ணில் நீர் வழியச் சன்னிதியில் நிற்கிறார்கள், தனக்கு மட்டும் நின்றால் கால் வலிக்கிறது, அவ்வளவுதான் என்பார். காய்ச்சல் அறைக்குள் வந்த முதல் நாளே ஒரு முடிவோடு வந்தார்.

"இதோ பாரு, கண் திறக்கிற அன்னைக்கு முதல் பார்வை, சேவை செஞ்சவங்களுக்குத்தானே?"

"ஆமா. புதுசாக் கண் வரைஞ்சு திரையை எடுக்கும்போது நீங்க நேர் முன்னாடி நிக்கலாம்."

"அன்னைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா, இந்தப் பக்கமே வரமாட்டேன். பேசாம வீட்ல படுத்துத் தூங்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கடவுளிடமே கெடு வைக்கிற ஆளை உள்ளே விட்டுவிட்டோமே என்று இருந்தது. ஆனால் விசிறிக்கு ஆள் வேண்டுமே.

வந்தார், வீசினார். கைதான் வீசியது, கண் தட்டியின் இடுக்கில் வெயில் எங்கே விழுகிறது என்று அளந்துகொண்டே இருந்தது. உட்கார்வார், எழுவார், முழங்காலைத் தட்டிக்கொள்வார். மின்விசிறி ஒன்று மாட்டினால் வேலை சுலபம் என்று ஒரு யோசனை சொன்னார். காய்ச்சல்காரருக்கு அந்தக் காற்று ஆகாது என்றேன். "அப்போ கொஞ்சம் வீரியமான மருந்தாக் குடுத்தா சீக்கிரம் விட்டுருமே" என்றார். நான் கஷாயக் கிண்ணத்தை நங்கென்று வைக்கப் போய், சத்தம் கூடாதென்று மெதுவாக வைத்தேன். அவர் உருப்படியாகக் கொண்டுவந்தது ஒன்றுதான். தினமும் காலையில் ஒரு கூடை வில்வப்பழம். அவர் வீட்டுக் கொல்லை மரத்துப் பழம். அவர் மனைவி குந்தளா பறித்து, கழுவி, துடைத்து, மேலே ஈரத்துணி போட்டு அனுப்புவாள். அதைக் கரைத்துத்தான் பெரியவருக்குப் பானகம். அந்தக் கூடையை என் முன்னால் வைக்கும்போது, "இன்னைக்கும் நேரத்துக்குக் கொண்டுவந்துட்டேன்" என்பார் டைம்பாபு.

கண் திறக்க இரண்டு நாள் இருந்தது. பிற்பகல் புழுக்கம். மழை வருவேன் என்று மிரட்டிவிட்டு வராமல் போன நேரம். நான் சுவரோரம் கஷாயத்துக்கு வேர் நசுக்கிக்கொண்டிருந்தேன். டைம்பாபுவின் விசிறி நின்று நின்று ஆடியது. தலை தொங்கியது. சரி, பாவம், வயதானவர் என்று விட்டுவிட்டேன். தூக்கத்தில் எந்த வண்டி தாமதமாயிற்றோ தெரியாது. திடுக்கென்று நிமிர்ந்தார், விசிலை எடுத்து வாயில் வைத்தார், ஊதினார் பாருங்கள்.

அந்த அறையில் இருமக்கூட நாங்கள் துண்டை வாயில் பொத்திக்கொள்கிற வம்சம். என் கையிலிருந்த குழவி காலில் விழுந்தது. வலியில் கத்தவும் முடியவில்லை. வெளியே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், உள்ளே என்ன, போலீஸா என்று எழுந்து நின்றுவிட்டார்கள்.

அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

"தூங்கிட்டிருந்த நோயாளியை எழுப்பிவிட்டீங்களே ஐயா. நீங்க கிளம்புங்க."

"கிருபா, தெரியாம..."

"தெரிஞ்சா ஊதுவாங்க? போங்க. வீட்டுக்குப் போங்க."

"முதல் பார்வை?"

அந்த நேரத்திலும் அதைக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில், "மொதல்ல அவருக்கு உடம்பு தேறட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். மூவருக்கும் நேராகக் கைகூப்பி, "மன்னிச்சுக்கோங்க, அது ஒரு பஸ் ஸ்டாண்டு ஜென்மம்" என்று அவருக்காக நானே சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலை ஆளும் வரவில்லை, கூடையும் வரவில்லை. கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது, கோபம் மனுஷனுக்கு, பழம் என்ன பாவம் செய்தது என்று எனக்குப் பொங்கியது. பௌரியை இடுப்பைப் பிடித்தபடியே உட்காரவைத்துவிட்டு, நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று அவர் வீட்டுக்கே போனேன். கொல்லைப் பக்கமாக நுழைந்தேன். வில்வமரத்தடியில் தொரட்டிக் கோல் கிடந்தது. கூடை கவிழ்ந்து கிடந்தது. பழங்களை எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

உள்ளே குந்தளா பாயில் கிடந்தாள். முகம் வற்றி, உதடு வெடித்து, ஆளே பாதியாகியிருந்தாள். தலைமாட்டில் டைம்பாபு விசிறியோடு உட்கார்ந்திருந்தார். நான் வந்ததை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எப்போலேர்ந்து?" என்றேன்.

"ஒரு வாரமாம். நேத்து நீ துரத்தினியே, அப்போ வந்தேன். அந்த நேரத்துக்கு நான் வீட்டுக்கு வந்ததே இல்லல்ல? மரத்தடியில விழுந்து கிடந்தா. மறுநாள் பழத்துக்கு முன்கூட்டியே பறிச்சு வைக்கப் போயிருக்கா. தொட்டா அனலா கொதிக்குது. டாக்டர் வந்து ஊசி போட்டுட்டுப் போனார்."

குந்தளா கண்ணைத் திறந்தாள். "கிருபாண்ணா, பழம் அனுப்ப முடியல. தப்பா எடுத்துக்காதீங்க."

"அட, பழம் கிடக்கட்டும்மா. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா இவர்கிட்ட?"

"அவரு அங்க பெரியவருக்குக் காய்ச்சல்னு ஓடிட்டிருக்காரு. அதைவிட என் காய்ச்சல் பெருசா?" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். உதடு வலித்திருக்க வேண்டும், நிறுத்திக்கொண்டாள்.

டைம்பாபு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் அந்த மனிதரிடம் கண்டதில்லை. "சோறு போட்டா, கிருபா. தினமும் போட்டா. நான் தின்னுட்டுக் கூடையைத் தூக்கிட்டு ஓடினேன். முகத்தைப் பார்க்கவே இல்ல. பழம் நல்லா இருக்கான்னு பார்த்தேன்." பிறகு அவசரமாக, "எப்போ விடும்? ஊசி போட்டா எவ்வளவு நேரத்துல விடும்? நெத்தி சுடுது, கால் சில்லுனு இருக்கு, அது எதனால?" என்று கேட்டுக்கொண்டே போனார். எழுந்தார், தண்ணீர் எடுத்தார், துணியை நனைத்தார், பிழிய மறந்து போட்டார், எடுத்துப் பிழிந்தார். கோயிலில் இருந்த அதே பரபரப்புதான். ஆனால் வெயில் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

திட்ட வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு, "நாளைக்கு வாங்க டைம்பாபு. உங்க இடம் உங்களுக்குத்தான்" என்றேன்.

"ஆமாங்க, போய்ட்டு வாங்க. பக்கத்து வீட்டுக்காரியை உக்காரச் சொல்றேன்" என்றாள் குந்தளா. "மூணு வருஷமா இதுக்காகத்தானே அலையறீங்க?"

அவர் விசிறியைக் கை மாற்றிக்கொண்டு வீசினார்.

கண் திறக்கும் நாள் விடிந்தது. கறுப்பும் வெள்ளையுமாக வட்டக் கண்களைப் புதிதாக வரைந்து முடித்தோம். திரைக்கு நேர் முன்னால் ஓர் ஆள் நிற்கிற இடத்தைப் பிடித்துவைக்கச் சொல்லிப் பௌரியை நிறுத்தியிருந்தேன். கூட்டம் அவன் இடுப்பையும் பார்க்கவில்லை, என் உத்தரவையும் பார்க்கவில்லை. சங்கு ஊதினோம், திரை போயிற்று, ஊரே கூவி அழுதது. டைம்பாபு வரவில்லை. அந்தச் சங்கு அவர் வீட்டுத் திண்ணைவரை கேட்கும். கேட்டும் வரவில்லை என்றால் அங்கே என்ன நிலைமையோ என்று எனக்குத் தரிசனத்தில் மனமே நிற்கவில்லை.

கூட்டம் கரைந்து, மறுநாள் தேருக்கான வேலையில் எல்லோரும் இறங்கியபின், சாயங்காலம் வந்தார். இரண்டு நாள் தாடி, கசங்கிய வேட்டி. கழுத்தில் துளசி மாலை மட்டும் இருந்தது. நான் ஓடிப்போய், "எப்படி இருக்கா?" என்றேன்.

"மத்தியானம் வேர்த்துக் கொட்டுச்சு. விட்டுருச்சு. கஞ்சி கேட்டா." சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டார். "அவதான், ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்து பெரியவர் எப்படி இருக்கார்னு சொல்லுங்கன்னா."

கடைசித் தூணோரம் நின்று பார்த்தார். எல்லோரும் பார்த்துத் தீர்த்த முகம், பூவெல்லாம் வாடியிருந்தது. முன்னால் வாங்க என்று கையைப் பிடித்தேன், அசையவில்லை. நின்ற இடத்திலிருந்தே, பேருந்து நிலையத்துக் குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, "ஐயா, உங்களுக்குத் தேவலையா? இன்னும் சுடுதா?" என்று கேட்டார்.

விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. பதில் வரும் என்பது போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"மனசு அடங்குச்சா, டைம்பாபு?" கிண்டலாகத்தான் கேட்டேன். வழக்கப்படி.

"அது எங்கப்பா அடங்குது? அடுப்புல கஞ்சி இருக்கு, அடிப்பிடிச்சிருமோன்னு பதறுது. வழியை விடு" என்று படியிறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

நான் தட்டியைப் பிரித்து அடுக்கினேன். கஷாயக் கிண்ணங்களைக் கழுவினேன். பதினைந்து நாளும் வேளை தவறாமல் மருந்து கொடுத்தேன், சத்தம் போட்டவரைத் துரத்தினேன், பழம் வரவில்லை என்று சண்டைக்குப் போனேன். சொந்தக்காரன் என்று ஊரெல்லாம் மார்தட்டினேன். ஆனால் 'தேவலையா' என்ற அந்த ஒரு கேள்வியை இந்த வருடம் ஒரு நாளாவது கேட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவு வரவில்லை.

நடை சாத்துவதற்கு முன் பௌரியை ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பினேன். பெரியவர் கிட்டே போய், காதோரமாக, நானும் கேட்டேன்.