புல்வெளியை விட்டுப் போன மாடுகள்

2006 ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, சிவகாசியில் தங்கச்சாமியின் அச்சகத்தில் அடுக்கி வைத்திருந்த நாலாயிரம் காலண்டர் தாள்களிலிருந்து மாடுகள் போய்விட்டன. புல்வெளி இருந்தது, வேலி இருந்தது. மாடு நின்ற இடத்தில் புல் லேசாக மிதிபட்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு கசாப்புக் கடைக்காரர் கொடுத்த ஆர்டர் அது. வெள்ளிக்கிழமை தூத்துக்குடிக்கு லோடு ஏற வேண்டும்.

சூப்பர்வைசர் நல்லசிவம், பெண்டாட்டி கொடுக்கிற தண்ணீரையும் மோந்து பார்த்துக் குடிக்கிறவர். முதலில் மையைச் சந்தேகப்பட்டார், அப்புறம் மெஷின்காரரை, அப்புறம் எதிர்த்தெரு அச்சகத்தை. புதன்கிழமை மாடுகள் அகப்பட்டன. மல்லாங்கிணறு மளிகைக் கடைக்கு அடித்த காலண்டரில் கண்ணனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பசு நிற்க வேண்டும். இப்போது மந்தையே நின்றது, கண்ணனுக்குப் புல்லாங்குழலை நீட்டிப் பிடிக்க இடமில்லை. மளிகைக்காரருக்கு அதில் பரம திருப்தி. தேடிப் பார்த்ததில், நாயைத் தொட்டால் கை கழுவுகிற நாட்டுக்கான தாள்களிலிருந்து நாய்கள் கிளம்பி, நாயை மெத்தையில் படுக்க வைக்கிற இங்கிலாந்துக்கான தாள்கட்டுக்குள் ஏறியிருந்தன. எல்லா ஊர்ப் பன்றிகளும், வருகிற ஆண்டைப் பன்றி ஆண்டு என்று கொண்டாடப்போகிற சிங்கப்பூர்ச் சீனர்களின் தாளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

தாள்களைத் தரம் பிரிக்கிறவள் எம். புதுப்பட்டி ஆவுடைத்தாய். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்ததில் தங்கையைப் பறிகொடுத்துவிட்டு இங்கே வந்தவள். இந்த வேலை போனால் மறுபடியும் அந்த அறைதான். வேலை நேரத்தில் அவள் உதடு அசைவதை நல்லசிவம் அன்று மத்தியானம் பூராவும் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவளுடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சோற்றைக்கூடக் கிளறினார், பாவி மனுஷன். ஒன்றுமில்லை என்றதும் நேராகவே கேட்டார்.

“எங்கன போறோம்னு கேக்குதுக அண்ணாச்சி. ஆர்டர் கிளார்க்கு தம்பிகிட்ட விசாரிச்சுச் சொல்லுதேன். அதுல என்ன குத்தம்?”

அவர் அதை நம்பவில்லை. ஆனால் வேறு எதையும் நம்பவும் வழியில்லை. மாடுகளைத் திருப்பி அழைத்து, அந்த ஊரில் நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். சொல்லாவிட்டால் முதலாளி அவளை வேலையை விட்டு நிறுத்திவிடுவார் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ஆவுடைத்தாய் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தாள். “அந்தப் பட்டாசுக் கம்பெனியிலயும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாக. எந்தங்கச்சி நம்பித்தான் உள்ள போனா. நான் சொல்ல மாட்டேன்.” தூக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் அவளை மறித்து வேலைக்குத் திரும்பச் சொல்லிவிட்டு, நல்லசிவமே தாள்கட்டின் முன் உட்கார்ந்தார். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த ஊரில் மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு, முதல் பொங்கலை அதற்குத்தான் ஊட்டுவார்கள் என்று தாள்களைப் பார்த்துச் சொன்னார். வியாழக்கிழமை காலை நாலாயிரம் தாளிலும் மாடுகள் வந்து நின்றன. முன்பு புல்லில் வாய் வைத்திருந்தவை, இப்போது தலையை நிமிர்த்தி நேராகப் பார்த்தன.

லோடு போனது. ஆவுடைத்தாய் வேலையில் இருந்தாள், அவரோடு மட்டும் பேச்சை நிறுத்திவிட்டாள். கசாப்புக் கடைக்காரர் மறு ஆண்டும் ஆர்டர் கொடுத்தார். மாடுகள் நம்மையே சந்தேகமாகப் பார்க்கின்றன, மற்றபடி அச்சு நன்று என்று எழுதியிருந்தார். நல்லசிவம் வீட்டுக் கறவை அந்த வியாழக்கிழமையிலிருந்து அவரைக் கிட்டே அண்டவிடவில்லை. அவர் தொழுவத்துப் பக்கம் போவதை விட்டார், மனைவிதான் பால் கறந்தாள்.