குதிரைக்கு முன்னால் ஐயாசாமி

படம் எடுக்கக் கறுப்பர்கள் வேண்டும் என்று கேட்டு வந்த வெள்ளைக்கார இயக்குநருக்கு, ராஜசேகரன் ஜொகூர் மாநிலத்து ரெங்கத்திலிருந்து முப்பத்திரண்டு தமிழர்களைப் பேருந்தில் ஏற்றிக் கொடுத்தார். அமெரிக்காவில் அடிமைத்தனம் ஒழிந்த பிறகு, கறுப்பினக் குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போய், ஆளில்லாத வெளியில் ஊர் அமைத்த கதையாம். நாயகன், நாயகி, இன்னும் நாலைந்து முக்கிய ஆட்கள் அமெரிக்காவிலிருந்தே வந்துவிட்டார்கள். பின்னால் நிற்க ஒரு கூட்டம் வேண்டும். அதையும் விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர அவனுக்கு என்ன பைத்தியமா? தொப்பியைப் போட்டுத் தூரத்தில் நிறுத்தினால் யார் கண்டார்கள் என்று ராஜசேகரனே யோசனை சொன்னாராம். ஆள் பிடிப்பதில் அந்த மனுஷனை மிஞ்ச ஜொகூரிலேயே ஆள் கிடையாது.

பேருந்தில் ஐயாசாமி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் ஏற இறங்கப் பார்த்துக்கொண்டு வந்தார். அறுபத்தாறு வயது. ரப்பர் பால்மரம் சீவிய உடம்பு, இன்னும் தளரவில்லை. வாய் அதைவிடத் தளரவில்லை.

"காட்ட வெட்டி ஊராக்குனாங்களாம். அதுக்கு ஒரு படமாம். நம்ம ஆளுங்க வெட்டாத காடா? நம்மள எவனாச்சும் படம் எடுத்தானா?"

முன் இருக்கையில் இருந்த காளியம்மா திரும்பாமலே, "அதான் இப்ப எடுக்குறாங்களே அண்ணே. பேரு மட்டும் அவங்களுது" என்றாள்.

பேருந்தே சிரித்தது. ஐயாசாமி சிரிக்கவில்லை. காளியம்மா சொல்வதற்கெல்லாம் சிரிப்பது தன் தகுதிக்குக் குறைவு என்று பதினைந்து வருடமாக ஒரு கொள்கை வைத்திருந்தார்.

அந்தக் கொள்கைக்குக் காரணம் இருந்தது. இவர்கள் எல்லாரும் ஒரே தோட்டத்து ஆட்கள். வீடு கட்டும் கம்பெனிக்குத் தோட்டம் கைமாறி, வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது, தோட்டக் கமிட்டித் தலைவராக இருந்த இதே ராஜசேகரன்தான் அதை எல்லாரையும் கூட்டி வைத்து வாசித்தார். வாசித்த கையோடு, வேறு வீடு வாங்கித் தருகிறேன், கையெழுத்துப் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்றும் சொன்னார். முதல் கையெழுத்து காளியம்மா போட்டது. அப்புறம் மற்றவர்கள் வரிசையாக நின்று போட்டார்கள். ஐயாசாமி மட்டும் போடவில்லை. எல்லாரும் போன பிறகும் தனியாக லயத்தில் இருந்தார். புல்டோசர் வந்தபோது வாசலில் நின்றார். கம்பெனிக்குக் காவல் நின்ற ஜாகாக்காரர்கள் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப்போய் ரோட்டில் போட்டார்கள்.

இது அவர் சொல்லும் கதை. பார்த்தவர் யாரும் இல்லாததால் அவரேதான் சொல்ல வேண்டியிருந்தது. காப்பிக்கடையில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், சாவு வீட்டில்கூடச் சொன்னார். முதுகெலும்பு இல்லாத ஜென்மங்கள் என்று ஊரையே திட்டுவதற்கு அந்தக் கதைதான் அவருக்கு உரிமைச் சீட்டு. ஊரும் பேசாமல் கேட்டுக்கொண்டது. கையெழுத்துப் போட்டவர்கள் வேறு என்ன செய்ய முடியும்?

ரெங்கத்துக்கு வெளியே, மறுநடவுக்காகச் செம்பனை மரங்களை எல்லாம் சாய்த்துப் போட்ட செம்மண் வெளிதான் அமெரிக்கா. பலகையில் ஒரு தெருவே கட்டியிருந்தார்கள். எல்லா வீட்டுக்கும் முன்பக்கம் மட்டும் இருந்தது, பின்னால் முட்டுக் கொடுத்த கம்பு.

"ராஜசேகரன் அப்ப நமக்குத் தர்றேன்னு சொன்ன வீடு இதுதான்டா" என்றார் ஐயாசாமி, ராஜசேகரன் காதில் விழும்படி.

ராஜசேகரன் கோபித்துக்கொள்ளவில்லை. அவர் எதற்கும் கோபித்துக்கொள்கிற ஜாதி இல்லை. நேராக இயக்குநரிடம் போய், இந்தப் பெரியவர் உண்மையிலேயே தோட்டத்தை விட்டுப் போகாமல் நின்றவர், நாலு பேர் தூக்கினால்தான் நகர்ந்தார் என்று தன் இங்கிலீஷில் விளக்கினார். வெள்ளைக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயாசாமியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, முதல் வரிசையில், நாயகனுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னான். முப்பத்தோரு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயாசாமிக்கு நெஞ்சு விம்மியது. படத்துக்காக மாட்டிவிட்ட கம்பளிக் கோட்டின் பொத்தானைக் கழற்றி விட்டுக்கொண்டார். புழுக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

உதவி இயக்குநர் ரூபினி கோலாலம்பூர்ப் பெண். வாக்கி டாக்கியைத் தட்டிக்கொண்டே காட்சியை விளக்கினாள். "ரயில் கம்பெனி ஆளு குதிரையில வருவாரு. லெட்டர் படிப்பாரு, இந்த இடத்த விட்டுப் போங்கன்னு. நீங்க யாரும் போகக்கூடாது. குதிரை நேரா வரும். பயப்படாதீங்க, டிரெய்ன் பண்ண குதிரை லா, பக்கத்துல வந்து நின்னுரும். இப்ப கூட்டமா நில்லுங்க."

அவர்கள் நின்றார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை, ஒரு கை இடைவெளி. தோட்டத்தில் விடிகாலையில் வேலையை மேற்பார்க்கும் தண்டல் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்கிற மாதிரியே நின்றார்கள்.

"அலமாக்! ஆன்டி, அங்கிள், லைன் வேணாம், கூட்டமா!" என்று ரூபினி தலையில் கை வைத்தாள்.

"பெரட்டுப் புத்தி போவுமா? பத்துத் தலமுறை ஆனாலும் போவாது" என்று ஐயாசாமி முன்னால் நின்று காறித் துப்பினார்.

முதல் டேக். குதிரைக்காரன் காகிதத்தை விரித்து வாசிக்கத் தொடங்கியதும் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். குதிரை அசைவதற்கு முன்பே இரண்டு பெண்கள் கீழே கிடந்த மூட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். இயக்குநர் கட் என்று கத்தினான். ஐயாசாமிக்கு ஒரே கொண்டாட்டம்.

"பொய்க் குதிரை, பொய்க் கடுதாசி, பொய் வீடு! இதுக்கே மூட்டையத் தூக்குறீங்களே, உங்களையெல்லாம் மனுஷன்னு எவன் சொல்லுவான்? தோட்டத்த வித்தது கம்பெனி இல்ல, நீங்கதான்!"

மூட்டையைத் தூக்கிய பெண்கள் அதை மறுபடி கீழே வைத்தார்கள்.

இரண்டாவது டேக். இந்த முறை கூட்டம் அசையவில்லை. ஆனாலும் இயக்குநர் கட் என்றான். ரூபினி ஐயாசாமியிடம் ஓடி வந்தாள்.

"அங்கிள், தொப்பிய ஏன் கழட்டுனீங்க?"

ஐயாசாமி குனிந்து பார்த்தார். தொப்பி நெஞ்சோடு சேர்ந்து இரண்டு கையிலும் இருந்தது. தோட்டத்துத் துரை வந்தால் பிடித்துக்கொண்டு நிற்பது போல.

"வெயிலு. வேர்க்குது" என்றார்.

பின்னால் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். திரும்பி முறைக்க வேண்டும் என்று நினைத்தார், திரும்பவில்லை. இந்தத் தடவை நகர்ந்தால் தொலைந்தோம் என்று அவருக்குத் தெரிந்தது. பதினைந்து வருடம் பேசிய பேச்செல்லாம் இந்த நாலு முழ மண்ணில்தான் இருந்தது. தொப்பியை அழுத்தி மாட்டி, காலை அகட்டி ஊன்றிக்கொண்டார்.

மூன்றாவது டேக். காகிதம் விரிந்தது. அந்த இங்கிலீஷ் அவருக்குப் புரியவில்லை. அந்தக் குரல் நன்றாகப் புரிந்தது. குதிரை கிளம்பியது. நிற்கப்போகிறேன், நிற்கப்போகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டுதான் இருந்தார். நினைப்பு முடிந்தபோது, படத்துக்காக வைத்திருந்த மரப்பெட்டி அவர் தோளில் இருந்தது, அவர் தெருவோரம் நிறுத்தியிருந்த குதிரை வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எப்போது நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

அவர் போனதும் கூட்டம் மொத்தமும் கலைந்து ஒதுங்கியிருந்தது. குதிரையின் மூச்சு முகத்தில் படுகிற தூரத்தில் காளியம்மா மட்டும் நின்றாள். இமைகூடக் கொட்டவில்லை.

இயக்குநர் சந்தோஷத்தில் குதித்தான். காளியம்மாவைக் காட்டி என்னவோ சொன்னான், அப்புறம் ஐயாசாமியைப் பார்த்து இரண்டு விரலைப் பின்பக்கமாக அசைத்தான். ரூபினிக்கு அதைச் சொல்லவே சங்கடமாக இருந்தது.

"ஆன்டி, நீங்க முன்னால வாங்க. அங்கிள், நீங்க பின்னால நிப்பீங்களாம். உங்களுக்குப் பயமா இல்லையா ஆன்டி?"

"எதுக்கும்மா பயம்?" என்றாள் காளியம்மா. "அன்னிக்கு எம் புருஷன் ஆஸ்பத்திரில கெடந்தாரு, வாரத்துக்கு மூணு தடவ ரத்தம் சுத்தம் பண்ணணும். அந்தச் செலவுக்குக் கம்பெனி தர்ற காசு வேணும்னு போட்டேன் கையெழுத்து. இன்னிக்கு எனக்கு அந்தக் கவல ஒண்ணும் இல்ல. நிக்கிறேன்."

ஐயாசாமி பெட்டியை இறக்கி வைத்தார். யாராவது சிரித்தால் சண்டை போடலாம். ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜசேகரன், அந்த ராஜசேகரன், அவரைப் பாவம் என்று பார்த்தார். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. வெட்கம் காது வரை எரிந்தது.

"அண்ணே" என்றாள் காளியம்மா. "அன்னிக்கு நாலு பேரு தூக்குனாங்கன்னு சொன்னீங்களே."

முப்பத்தோரு முகமும் அவரைப் பார்த்தன. சொல்வதற்குப் பொய் ஒன்று வாயில் தயாராகத்தான் இருந்தது. பழகிய பொய், நன்றாகவே வந்திருக்கும்.

"யாரும் வரல" என்றார் ஐயாசாமி. "மிஷின் சத்தம் தூரத்துல கேட்டுச்சி. டிரைவர் ஹாரன்கூட அடிக்கல. நானே பொட்டியத் தூக்கிக்கிட்டு நடந்துட்டேன்."

காளியம்மா முன் வரிசையில் அவர் நின்ற இடத்தில் போய் நின்று, முந்தானை போலக் கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"சரி, பின்னால போங்கண்ணே" என்றாள். "கேமராவ மறைக்கிறீங்க."