ஹதீல் குடிக்காத காபி

அபூ லைத்துக்கு துபாய் ஒத்துக்கொள்வதில்லை. போகும்போது நல்ல மனிதராகத்தான் போவார். வரும்போது ஏதாவது ஒரு யோசனையோடு வந்து இறங்குவார். முதல் தடவை போய் வந்ததும், ஜோர்டான் தலைநகர் அம்மானில் இருந்த தன் விளம்பரக் கம்பெனியின் உள்சுவர்களை இடித்து எல்லாவற்றையும் ஒரே கூடமாக்கினார். அடுத்த தடவை, "உலகமே வீட்லேர்ந்துதான் வேலை செய்யுது, நீங்களும் போங்க" என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார். இந்தத் தடவை, கேளுங்கள் கண்ணுகளா, கூடம் முழுக்கக் கோதுமை மூட்டை மாதிரி மெத்துமெத்தென்ற இருக்கைகளை வாங்கிப் போட்டார். நடுவில் ஓர் ஊஞ்சல் மாட்டினார். பிறகு கம்பெனிக் குழுவில் செய்தி போட்டார்: "நாமெல்லாம் ஒரே குடும்பம். அடுத்த மாதத்திலிருந்து எல்லாரும் தினமும் ஆபீசுக்கு வர வேண்டும். முடியாதவர்களோடு நண்பர்களாகப் பிரிவோம்." கடைசியில் ஒரு சிரிக்கும் முகம் வேறு.

ஹதீல் அந்தச் செய்தியை தெற்கே எங்கள் கரக் ஊரில், வீட்டு மாடியில் உட்கார்ந்து படித்தாள். விளம்பரங்களுக்கு வசனம் எழுதுவது அவள் வேலை. வீட்டிலிருந்து வேலை என்று ஆன பிறகுதான் கரக்கில் வாழ்க்கைப்பட்டாள். கணவன் மாஹிர் ஆடுகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன். சுற்றுவட்டாரத்து ஆடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு அவன் அம்மானுக்குக் குடிபோக முடியாது. இவள் தினமும் போய் வரலாம் என்றால், பஸ் நிறைந்தால்தான் கிளம்பும். அது நிறைவது ஓட்டுநர் கையில் இல்லை, ஆண்டவன் கையில். கிளம்பிய பிறகும் இரண்டு மணி நேரம். ஆக, வேலையை விடு, இல்லை வீட்டை விடு என்பதுதான் அந்தச் சிரித்த முகத்தின் அர்த்தம்.

உடனே முதலாளிக்கு போன் போட்டாள்.

"உஸ்தாத், வாரம் ஒரு நாள் வரேன். மத்த நாள் இங்கேர்ந்தே எழுதறேனே. இதுவரைக்கும் ஏதாவது குறை வெச்சேனா?"

"குறையே இல்ல, என் கண்ணு. ஆனா விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? உன்னை விட்டா, நாளைக்கு நதீம் அகபா கடல்ல நீஞ்சிக்கிட்டே படம் வரையறேம்பான்."

"நதீமுக்கு நீச்சல் தெரியாது, உஸ்தாத்."

"பாத்தியா, அது வேற எனக்குக் கவலை! சரி, வியாழக்கிழமை அபூ சக்ர் வர்றாரு. நீ கட்டாயம் வந்துடு. நீ இல்லாம அவரைச் சிரிக்க வைக்க முடியாது."

அபூ சக்ர் யாரென்றால், தலைமுறை தலைமுறையாகக் காபி வறுத்து விற்கும் குடும்பத்து ஆள், கம்பெனியின் பெரிய வாடிக்கையாளர். தன் காபிக்குப் புதிய விளம்பரம் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் மாமியார் உம் மாஹிர், ஹதீலை வாசலில் நிறுத்திவிட்டாள். "வெறும் வயித்தோட போகாதே" என்று சொல்லிக் காபி கொடுத்தாள். அதுவும் வெறும் வயிற்றில்தானே போகும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பஸ் நிலையத்தில் பஸ் நிறையும் வரை ஓட்டுநர் தன் குடுவையிலிருந்து ஒன்று ஊற்றிக் கொடுத்தார். அம்மானில் இறங்கியதும் தெருமுனையில் பழைய சிநேகிதி ஒருத்தி இழுத்துப் பிடித்து இன்னொன்று. ஆபீஸ் படி ஏறும்போது ஹதீலின் வயிற்றில் அடுப்பு மூட்டியது போல எரிந்தது.

உள்ளே அபூ சக்ர் அந்த மெத்து மூட்டைகளில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டிருந்தார். உட்கார்ந்தார் என்பதைவிடப் புதைந்தார் என்று சொல்ல வேண்டும். முழங்கால் காதுக்கு நேராக இருந்தது. படம் வரைகிற நதீம் அவர் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"இது நாற்காலியா, கிணறா?"

"புது பாணி, அபூ சக்ர்" என்றார் முதலாளி.

"பழைய பாணியில ஒண்ணு கொண்டாப்பா. நான் மேல வரணும்."

பக்கத்து வக்கீல் ஆபீசிலிருந்து மர நாற்காலி கடன் வாங்கி வந்தார்கள். அபூ சக்ர் வருகிறார் என்பதற்காகக் காபி இயந்திரத்தைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். நதீம் தன் வீட்டிலிருந்து மூக்கு நீண்ட பித்தளைக் கூஜாவும் பிடியில்லாத சின்னக் கோப்பைகளும் கொண்டு வந்திருந்தான்.

முதலில் அபூ லைத் தானே யோசித்து எடுத்த விளம்பரத்தைப் போட்டார். திரையில் ஓர் இளைஞன் காகிதக் கோப்பையோடு தெருத்தெருவாக ஓடினான், படி தாண்டினான், சுவர் ஏறினான்.

"இவன் எதுக்கு ஓடுறான்?" என்றார் அபூ சக்ர்.

"சுறுசுறுப்பு! இந்தக் காலத்துப் பசங்க இப்படித்தான்."

"போலீஸ் துரத்துதா?"

"இல்லைங்க..."

"பாதிக் காபியைச் சட்டையில ஊத்திக்கிட்டான். இதுக்கா நான் பாத்துப் பாத்து ஏலக்காய் போடறேன்?"

முதலாளி வேர்த்துப்போய் ஹதீலைப் பார்த்தார். அவள் தன்னுடையதைப் போட்டாள். கரக்கில் ஒரு சன்னல். உள்ளே ஓர் அம்மாள் நிதானமாகக் காபி ஊற்றுகிறாள். கீழே டாக்சிக்காரன் ஹாரன் மேல் ஹாரன் அடிக்கிறான். அம்மாள் தலையை நீட்டிச் சொல்கிறாள்: "அவசரமா இருந்தா தண்ணி குடிச்சிட்டுப் போ! காபி உக்காந்தவனுக்கு." அவ்வளவுதான் படம்.

அபூ சக்ர் சிரித்த சிரிப்பில் நாற்காலி முனகியது. "இதுதான்! அவசரமா இருந்தா தண்ணி குடி! யாரு அந்தப் பொம்பளை?"

"எங்க எதிர்வீட்டு அம்மா, அம்மோ. அவங்க டாக்சிக்காரனை நிஜமாவே அப்படித்தான் திட்டினாங்க" என்றாள் ஹதீல். வயதில் பெரியவரை எங்கள் பக்கத்தில் 'அம்மோ', அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவோம்.

முதலாளிக்கு உயிர் வந்தது. "நதீம், காபி ஊத்து!" என்று கூவினார். நதீம் இடக் கையில் கூஜாவும் வலக் கையில் கோப்பையுமாக வந்தான். முதலில் விருந்தாளிக்கு, அப்புறம் மற்றவர்களுக்கு. ஹதீலிடமும் நீட்டினான். காபி வியாபாரி முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கிக்கொண்டாள். வாசனை ஏறியதும் வயிறு முறுக்கியது. வாய்க்குக் கொண்டுபோன கோப்பையைச் சத்தமில்லாமல் மேசைமேல் வைத்தாள்.

அபூ சக்ரின் கை பாதி வழியில் நின்றது. அவளுடைய கோப்பையைப் பார்த்தார். தன் கோப்பையையும் இறக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அபூ லைத், பொண்ணு கோப்பையை வெச்சுட்டா."

எல்லார் கண்ணும் அந்தக் கோப்பைமேல் திரும்பியது. பெண் கேட்டுப் போகிறவர்களும், கொலைப் பகையைத் தீர்த்துவைக்கப் போகிறவர்களும்தான் எங்கள் பக்கத்தில் ஊற்றிய காபியைக் குடிக்காமல் வைப்பார்கள். கேட்டது கிடைக்கும் வரை தொட மாட்டார்கள். அந்தக் காபி ஆறினால், கூடவே வீட்டுக்காரர் மானமும் ஆறிப்போகும்.

"பெரிய மனுஷங்க கூட்டத்தைக் கூட்டிக்கிட்டு வராம, ஒரு பொண்ணு தனியா கோப்பையை வெச்சு இப்பத்தான் பாக்குறேன்" என்றார் அபூ சக்ர். "பலே! நல்ல மாத்தம்தான்."

ஹதீல் அவசரமாகக் கையை ஆட்டினாள். "ஐயோ, அம்மோ, அது வந்து..."

அதற்குள் முதலாளி நெஞ்சை நிமிர்த்திவிட்டார். வாடிக்கையாளர் பார்க்கிறாரே, தாராளம் காட்டாமல் விட முடியுமா? மிஞ்சிப்போனால் சம்பள உயர்வு கேட்பாள் என்று நினைத்திருப்பார். "அவ என் மக மாதிரி. என்ன கேக்கறான்னுகூட நான் கேக்கல. கொடுத்தாச்சு! குடி, ஹதீல், உன் காபியைக் குடி."

நதீம் ஊற்றுகிற சாக்கில் குனிந்தான். "வயித்து வலின்னு உளறித் தொலைக்காதே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். படியேறும்போது அவள் வயிற்றைப் பிடித்திருந்ததை அவன் பார்த்திருக்கிறான்.

ஹதீல் ஒரு நொடி யோசித்தாள். உண்மையைச் சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அடுத்த மாதம் வந்துவிடும். பொய் சொன்னால் வேலை பிழைக்கும், ஆனால் அந்த வழக்கத்தை வைத்துப் பொய்யா? அவள் வளர்ந்த வீட்டில் அது பழக்கமில்லை.

"உஸ்தாத், உண்மையைச் சொல்லிடறேன். காலையிலேர்ந்து காபியாக் குடிச்சு வயிறு எரியுது. அதான் வெச்சேன்."

நதீம் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஆனா கேக்க வேண்டியது ஒண்ணு நிஜமாவே இருக்கு" என்றாள். "நான் கரக்கிலேயே இருந்து வேலை செய்யணும்."

அபூ லைத்தின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "வேற ஏதாவது கேளேன்மா. அந்த ஊஞ்சலை வேணா கழட்டி எடுத்துட்டுப் போ."

"இவ வயித்து வலியைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார் அபூ சக்ர். "சொன்னா. அப்ப கோப்பையை விட இவ சொல்லுக்கு மதிப்பு ஜாஸ்தி. நீ சொன்ன சொல்லு எப்படி, அபூ லைத்?"

"கொடுத்தாச்சுப்பா, கொடுத்தாச்சு!"

ஹதீல் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். போதும் என்று கோப்பையை ஆட்டிக் கொடுத்தாள். வயிறு திட்டியது; மனசு கேட்கவில்லை.

அப்போது பார்த்தால், முதலாளி தன் கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டார்.

"உஸ்தாத், நீங்க வீட்டுக்காரர்! நீங்க வெக்கக் கூடாது!" என்று பதறினான் நதீம்.

"வெச்சுட்டேன். என்ன பண்ணுவே?" பிறகு குரல் இறங்கியது. "நீங்கள்லாம் வீட்டுக்குப் போனீங்க. நான் இந்தக் கூடத்துல ஒத்தையா உக்காந்தேன். சுவரை வேற இடிச்சு வெச்சிருக்கேனா, இருமினா எதிரொலி கேக்குது. வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி உம் லைத், 'பகல்ல ஆம்பளைக்கு வீட்ல என்ன வேலை'ன்னு தொடப்பத்தோட வர்றா. குடும்பம், ஊஞ்சல் எல்லாம் எதுக்குன்னு நினைச்சே?"

ஹதீலுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இளகிய நெஞ்சு யோசிக்குமா? "குடிங்க உஸ்தாத். நீங்க கேக்கறது எதுவானாலும் கொடுத்தாச்சு" என்றாள்.

அபூ லைத் சட்டென்று குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார். "அப்ப திங்கக்கிழமை திங்கக்கிழமை நானும் கரக்குக்கு வந்து வேலை செய்யறேன்."

சொன்னபடி வந்தார். கையில் கணினியும் ஒரு தட்டு இனிப்பும். உம் மாஹிர் மருமகளைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"யாருடி இவரு? இவரு வீட்ல ஆள் இல்லையா?"

"இருக்காங்க யம்மா. அதான் இங்க வந்திருக்காரு."

உம் மாஹிர் தலையை ஆட்டினாள். சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளை அவளால் பார்க்க முடியாது. அன்று சுரைப் பிஞ்சுக்குள் அரிசியும் கறியும் அடைத்துச் சமைக்கிற நாள். பிஞ்சுகள் நிறைந்த பாத்திரத்தையும் குடைகிற கத்தியையும் முதலாளி முன்னால் வைத்தாள். அவர் கணினியில் அம்மான் ஆட்களோடு கூட்டம் நடத்திக்கொண்டே குடைய ஆரம்பித்தார்.

"உஸ்தாத், கையில என்ன அது?" என்று திரையிலிருந்து நதீம் கேட்டான்.

"நீ வியாபாரத்தைப் பேசு!"

"அழுத்தாதே, அழுத்தாதே!" என்று உம் மாஹிர் திரைக்குள் தலையை நீட்டினாள். "அடியில ஓட்டை விழுந்தா அரிசியெல்லாம் வெளிய வந்துடும். இப்படித் திருப்பு, அபூ லைத். நீ கம்பெனியும் இப்படித்தான் நடத்துறியா?"

அம்மானில் கூடமே சிரித்தது. முதலாளியும் சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தார். அவள் அவர் குடைந்தவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓட்டை விழுந்த இரண்டைத் தனியாக வைத்தாள்.

"பரவால்ல, இது ரெண்டும் உன் தட்டுக்கு" என்றாள். "அடுத்த வாரம் கொஞ்சம் சீக்கிரமா வா. திராட்சை இலை சுருட்டணும், அதுக்கு ரெண்டு கை பத்தாது."