ஓடைவாயில் வெள்ளை வேட்டி

மூன்றாவது ஜோடி பூட்ஸும் தாட்சாயணிக்குப் பெரிதாகத்தான் இருந்தது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று இரண்டடி வைத்துப் பார்த்தாள். பூட்ஸ் ஒரு பக்கம் போனது, கால் ஒரு பக்கம் போனது. ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் தார்ப்பாய் விரித்து, பட்டாளத்தில் கழித்துவிட்ட சாமான்களை விற்கிறவன் முனிகிருஷ்ணன். யுத்த காலத்தில் பர்மா எல்லைவரை லாரி ஓட்டியவன். அவளைவிட நாலைந்து வயது மூத்தவனாக இருப்பான்.

"இதுக்குத்தான் சொல்றேன், ஊட்டுக்காரர இட்டுனு வாம்மா. அவரு கால வெச்சுப் பாத்து வாங்கினு போலாம்."

"எனுக்குத்தான் வேணும்."

"உனுக்கா? இன்னாத்துக்கு, கழனி வேலைக்கா?"

"பன்னி சுட."

முனிகிருஷ்ணன் சிரித்தான். பக்கத்து டீக்கடைக்காரனிடம் தெலுங்கில் ஏதோ சொன்னான், அவனும் சிரித்தான். தாட்சாயணி இந்தச் சிரிப்பை நன்றாக அறிந்திருந்தாள். சித்தூரில் குமாஸ்தா இப்படித்தான் சிரித்தான். புத்தூரில் தையற்காரன், கால்சட்டைக்கு அளவு தனக்குத்தான் என்று அவள் சொன்னபோது, கழுத்திலிருந்து நாடாவைக்கூட எடுக்காமல் சிரித்தான். அவன் சிரித்து முடிக்கும்வரை நின்றிருந்து தைத்து வாங்கிக்கொண்டுதான் வந்தாள். இப்போது துணிப்பையிலிருந்து லைசென்ஸ் காகிதத்தை எடுத்து, தார்ப்பாய் மேல் பிரித்து வைத்து, நாலு மூலையையும் தட்டிவிட்டாள். பயிர்ப் பாதுகாப்புக்கான நாட்டுத் துப்பாக்கி ஒன்று. கணவன் பெயருக்குக் கீழே அவள் பெயரும் புது மையில் எழுதியிருந்தது.

அந்தப் பெயர் ஏறுவதற்கு மூன்று முறை சித்தூர் போயிருந்தாள். சத்தியவேட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்தது அவர்கள் ஊர். மார்ச் மாதம்வரை மெட்ராஸ் ராஜ்ஜியம். எல்லையை மாற்றியதில் ஏப்ரல் பிறந்ததும் ஆந்திரா. ஊர் நகரவில்லை, கரும்பு நகரவில்லை, பன்றியும் நகரவில்லை, காகிதங்கள் மட்டும் திருவள்ளூரிலிருந்து நகர்ந்தபடியே இருந்தன. "காயிதாலு இங்கா ராலேதம்மா" என்று முதல் முறை சொன்னார்கள். காகிதம் இன்னும் வரவில்லையாம். இரண்டாம் முறையும் அதையே சொன்னார்கள். மூன்றாம் முறை, மதியச் சாப்பாட்டுக்கு எழுந்த குமாஸ்தாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெயர் ஏறிய பிறகுதான் எழுந்தாள்.

கணவன் கோவர்த்தனன் ஆவணி மாதம் முதன்முதலாக வேட்டைக்குப் போனான். அவனுடைய அண்ணன் சின்னசாமிதான் ஊர் வேட்டைக் கூட்டத்துக்குத் தலைவர். பன்றி வலது தொடையை முழங்கால்வரை கிழித்துவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரியில் நாற்பது நாள். தாட்சாயணி வராந்தாவில் படுத்து, குழாயடியில் குளித்து, ரத்தத் துணிகளைத் துவைத்து அத்தனை நாளையும் அங்கேயே கழித்தாள். அவர்கள் திரும்பி வந்தபோது தோட்டத்தில் பாதிக் கரும்பு மென்று துப்பிய சக்கையாகக் கிடந்தது. கோவர்த்தனனின் கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று சின்னசாமி வாசலில் நின்று, "தம்பி அன்னிக்கு கவனமா நின்னிருக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை அவள் மறக்கவில்லை. பிறகு கோவர்த்தனன் கட்டிலில் உட்கார்ந்தபடி வெடிமருந்து இடிக்கவும் கெட்டிக்கவும் சொல்லித்தர, கார்த்திகை முழுக்கக் கொல்லையில் ஓட்டைப் பானைகளை வரிசையாக வைத்துச் சுட்டுப் பழகினாள்.

முனிகிருஷ்ணன் காகிதத்தைப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். சிரிப்பு போயிருந்தது.

"பூட்ஸு வேணாம். அடியில லாடம் அடிச்சுக்கீது. கல்லுல வெச்சா பத்து கழனிக்குக் கேக்கும்." கோணிக்குள் கையை விட்டு ரப்பர் அடி வைத்த கான்வாஸ் ஷூ ஒன்றைத் தேடி எடுத்தான். "கூர்க்கா பட்டாளத்து சைஸு. போட்டுப் பாரு." சரியாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே சுற்றிக்கொள்ளக் கம்பளிப் பட்டி இரண்டு எடுத்துப் போட்டான். முள்ளுக்கும் பாம்புக்கும் அது போதும் என்றான். மருந்து நனையாமல் வைக்கத் திருகுமூடி போட்ட தகர டப்பா. இடுப்பில் தண்ணீர்க் குடுவை. "அன்னிக்குத் தலைக்கு எண்ண வெக்காத, பூ வெக்காத. சோப்பு போட்டுக் குளிக்காத. பன்னிக்குக் கண்ணு அரைதான், மூக்குதான் முழுசு. துணி இன்னா வெச்சிக்கிற?"

அவள் தைத்து வாங்கிய கால்சட்டையையும் முழுக்கைச் சட்டையையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். முரட்டுப் பருத்தித் துணி. பால் வெள்ளை.

"ஏம்மா, வேட்டைக்குப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?"

"மொத தபா போறவங்க வெள்ளதான் கட்டணும். எங்க ஊரு வழக்கம். எங்க ஊட்டுக்காரரும் புது வேட்டி கட்டிக்கினுதான் போனாரு. துப்பாக்கிகூட எடுக்கக்கூடாது, தடிதான்."

முனிகிருஷ்ணன் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தான். "எங்க நிறுத்தினாங்க அவர?"

"ஓடைவாயில."

"துப்பாக்கிக்காரங்க?"

"அந்தாண்ட, பாற இடுக்குல."

"மேல இருந்து தப்புமேளம் அடிச்சு பன்னிய ஓட்டுவாங்க. கீழ எறங்க ரெண்டு வழி. ஒண்ணுல வெள்ளையா ஏதாச்சும் ஆடிக்கினு இருந்தா பன்னி மெரண்டு இன்னொண்ணுக்குத் திரும்பும். நேரா துப்பாக்கி மின்னால போயி நிக்கும். அதுக்குத்தான் வெள்ள. சாமிக்கும் இல்ல, சாங்கியத்துக்கும் இல்ல." எச்சிலைத் துப்பினான். "ஒரு வேட்டிய ரெண்டு கொம்புல கட்டிவிட்டா போதும்மா. ஆள எதுக்கு நிறுத்தறது? குண்டுபட்ட பன்னி வெள்ளையும் பாக்காது, கறுப்பும் பாக்காது."

கோவர்த்தனன் மேல் பாய்ந்தது குண்டுபட்ட பன்றிதான். சுட்டவர் சின்னசாமி.

புத்தூர் ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. கதவோரம் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பற்களைக் கடித்துக் கடித்துக் காதோரம் வலித்தது. ஆவணி மாதம் அந்த வேட்டியை அவளேதான் கஞ்சி போட்டு வெளுத்தாள். வெள்ளையாக இருக்கவேண்டும் என்று இரண்டு முறை நீலம் போட்டு அலசினாள். முதல் வேட்டைக்குப் போகிறவன் பளிச்சென்று போகவேண்டும் என்று நெற்றியில் குங்குமம் வைத்தும் அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் பையை வைக்காமலே கணவனிடம் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். கோவர்த்தனன் நீட்டிய காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஆச்சரியம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை.

"தெரியும்" என்றான்.

"இன்னா தெரியும்?"

"பன்னியத் திருப்பத்தான் நிறுத்தறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அண்ணனும் ஒரு நாளு நின்னவருதான். கூட்டத்துல வர்ற கங்கையாவும் நின்னான். நான் மட்டும் மாட்டேன்னு சொல்ட்டு, அப்பால ஊருல எப்டி நடக்கறது?"

"இப்ப நடக்கறியா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கோவர்த்தனன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மன்னிப்பும் கேட்கவில்லை, அழவும் இல்லை. கொல்லையில் அடுப்பை மூட்டி அண்டாவில் கடுக்காயைத் தட்டிப்போட்டு, ஏரியிலிருந்து இரண்டு கூடை கறுப்பு வண்டல் கொண்டுவந்து கரைத்து, புதுக் கால்சட்டையையும் சட்டையையும் உள்ளே அமுக்கினாள். உலக்கையால் கிண்டினாள். துணி மேலே உப்பி வரும்போதெல்லாம் ஓங்கிக் குத்தி உள்ளே தள்ளினாள். பொழுது சாயும்போது அது பழுத்த சருகின் நிறத்துக்கு வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேட்டைக் கூட்டம் ஏரிக்கரையில் கூடியது. முந்தின வாரம் பெய்த மழையில் ஓடை முழுக்கச் சேறு. தப்பு அடிக்கிறவர்கள் ஏற்கெனவே மலைமேல் ஏறிவிட்டார்கள். கீழே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கால்சட்டையும் பட்டியும் சுற்றித் துப்பாக்கியோடு தாட்சாயணி கரையேறி வந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ கனைத்தார். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. சின்னசாமிக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தாள்.

பாலசுந்தரம். நகரியில் தறி ஓட்டுகிறவன். சின்னசாமியின் மகள் வள்ளியை ஐப்பசியில் கட்டிக்கொண்டவன். தலைக்குக் குளித்து, விபூதி பூசி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியும் வெள்ளை பனியனுமாக, கையில் ஒரு தடியோடு நின்றான். வெட்கமும் பெருமையுமாகச் சிரித்தான்.

"வாங்க சின்னத்தே" என்றான்.

"மாமா" என்று சின்னசாமியைக் கூப்பிட்டாள். "இவர எங்க நிறுத்தப் போறீங்க?"

"பொம்பளைங்க வேட்டைக்கு வரக்கூடாது. ஊட்டுக்குப் போ."

"லைசென்ஸு கீது. கரும்பு என்னுது. இவர எங்க நிறுத்தப் போறீங்கன்னு கேட்டேன்."

"மொத நாளு ஓடைவாய்தான். பாட்டன் காலத்து வழக்கம். வெள்ள கட்டினாதான் எங்க குண்டு ஆள் மேல படாது. அது அவன் பாதுகாப்புக்குத்தான்."

தாட்சாயணிக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம். சின்னசாமியை ஒருமுறைகூட அவள் ஏறிட்டுப் பார்த்துப் பேசியதில்லை. இப்போது பார்த்தாள். அவர் போட்டிருந்த பழைய காக்கிச் சட்டையை, மண் நிற அரைக்கால்சட்டையைப் பார்த்தாள்.

"பாதுகாப்புன்னா, நீ ஏன் காக்கில நிக்கற?"

நீ என்று சொன்னதில்தான் முதலில் எல்லோரும் அதிர்ந்தார்கள். கேள்வி அதற்குப் பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

"யாருகிட்ட பேசற தெரியுமா?" சின்னசாமி ஓரடி முன்னால் வந்தார். "நானும் பதினெட்டு வயசுல அங்க நின்னவன்தான். எனுக்கு ஒண்ணும் ஆவல."

"உனுக்கு ஆவல. அதனால யாருக்கும் ஆவாதா? ஊட்டுல ஒருத்தரு காலு கட்டையாட்டம் கெடக்குதே, வந்து பாத்தியா? கவனமா நிக்கலன்னு சொல்ட்டுப் போன. துணி செய்ற வேலைக்கு ஆள நிறுத்திட்டு, கவனமாம் கவனம்! வள்ளி கழுத்துல தாலி ஏறி ரெண்டு மாசம் ஆவல. அதுவும் ஆஸ்பத்திரி வராந்தாவுல படுக்கணுமா?"

பாலசுந்தரம் மாமனாரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். தாட்சாயணி துப்பாக்கியைக் கங்கையாவின் கையில் திணித்துவிட்டுக் கரையோரத்தில் குனிந்தாள். இரண்டு கையிலும் சேற்றை வாரி அவன் பனியன் மேல், முன்னாலும் பின்னாலும், அப்பினாள். அவன் ஐயோ ஐயோ என்று பின்வாங்கினான்.

"வேட்டிய அவுருய்யா. உள்ள அரட்ராயர் இருக்குதில்ல? அவுரு."

அவன் அவிழ்த்தான். சின்னசாமி மருமகனின் கையைப் பிடிக்கப்போனார். பிறகு, ஏனோ, பிடிக்கவில்லை. கங்கையா யாரிடமும் ஒன்றும் கேட்காமல் துப்பாக்கியை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கத்தியை உருவிப் போய் இரண்டு வேப்பங்கொம்பு வெட்டிக்கொண்டு வந்தான். அவனும் ஒருநாள் அங்கே நின்றவன். "ரெண்டு தினம் எனுக்கு சோறு எறங்கல" என்று கொம்பைச் சீவிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னான்.

ஓடைவாயில் கொம்புகளை ஊன்றி வேட்டியைக் கட்டினார்கள். காற்றில் அது உப்பியது, தளர்ந்தது. துப்பாக்கிக்காரர்கள் பாறை இடுக்குக்குப் போனார்கள். சின்னசாமியும் போனார். வேட்டிக்குக் கொஞ்ச தூரம் தள்ளி, ஒரு மேட்டில், ஆவாரம்புதருக்குப் பின்னால் தாட்சாயணி மண்டியிட்டாள். பாலசுந்தரத்தைத் தனக்குப் பின்னால் உட்காரவைத்தாள். மேலே தப்பு அதிர ஆரம்பித்தது. அவளுக்குப் பயம் வரவேண்டும், வரவில்லை. பயத்துக்கான இடத்தையும் கோபமே அடைத்துக்கொண்டிருந்தது.

புதர் பிளந்தது. கறுத்த ஒற்றைப் பன்றி, முதுகுமயிர் சிலிர்க்க, ஓடையின் நடுவில் சேற்றை இறைத்துக்கொண்டு நேராக வந்தது. வேட்டி ஒருமுறை படபடத்தது. பன்றி நின்றது. முன்னங்காலை ஊன்றி, மூக்கைத் தூக்கி, ஒரு மூச்சு விடுகிற நேரம் அந்த வெள்ளையைப் பார்த்தது. பிறகு உடம்பை அப்படியே சுழற்றிப் பாறைப் பக்கம் திரும்பியது.

திரும்பியபோது அதன் விலா அவளுக்கு நேராக வந்தது. சுட்டாள்.

தோள் பின்னால் போய் மோதியது. புகை விலக நேரமாயிற்று. பன்றி இருபது தப்படி ஓடி, பாறைக்கு முன்னால் முழங்கால் மடிந்து விழுந்து கிடந்தது. பாறை இடுக்கிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்து அதைச் சுற்றி நின்றார்கள். பாலசுந்தரம் மட்டும், "சின்னத்தே, உளுந்துச்சு, உளுந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

தாட்சாயணி பன்றியிடம் போகவில்லை. வேட்டி கட்டிய இடத்திலிருந்து ஓடைக்குள் இறங்கி நடந்தாள். ஒன்பதாவது அடியில் நின்றாள்.

"மாமா, இங்க வாங்க" என்றாள். குரலில் மரியாதை திரும்பியிருந்தது. கோபம் அப்படியே இருந்தது.

சின்னசாமி வந்தார். மற்றவர்களும் வந்தார்கள். அவள் துப்பாக்கிக் கட்டையால் தரையைக் காட்டினாள். அவர் முழங்காலில் கையை ஊன்றி, மெதுவாகக் குனிந்து பார்த்தார். நேராக வந்த குளம்புத் தடங்கள் அந்த இடத்தில் ஆழமாகப் பதிந்து, சேற்றைப் பிறை போலக் கிழித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தன. அவர் நிமிரவில்லை. அந்தக் குழிகளில் தண்ணீர் மெல்ல மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.