விலாசம் வெட்டிய அட்டைப்பெட்டி

1

இந்தக் கதை குப்பையிலிருந்து வந்தது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே குப்பைதான். எங்கள் வீட்டுக்கு எதிரே, கிளிப் கடை வாசலில் கிடந்த ஓர் அட்டைப்பெட்டி.

நான் தையல்காரி. மெஷினை ஜன்னலோரம் போட்டிருப்பது வெளிச்சத்துக்காக என்று கேட்பவர்களிடம் சொல்வேன். நீங்கள் கேட்கவில்லை, அதனால் உண்மையைச் சொல்கிறேன்: அங்கிருந்து தெரு தெரியும்.

முதலில் கதையை இப்படி ஆரம்பித்திருந்தேன்: "கிளிப் கடைக்காரிக்கு ஒரு தங்கை இருந்தாள். ஒருநாள் யாரோ ஒருவர் அவளிடம் —"

அந்த யாரோ ஒருவர் மூன்று பக்கம் தாக்குப்பிடித்தார். அதற்கு மேல் அவரை வைத்துக்கொண்டு ஒரு வரி நகரவில்லை. அவர் யார் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். எனக்கும் தைரியம் வரவேண்டும் அல்லவா.

2

அக்காவைப் பெரியவள் என்றும் தங்கையைச் சின்னவள் என்றும் வைத்துக்கொள்வோம். (சின்னவளுக்கே நாற்பத்து மூன்று வயது. ஆனாலும் அக்கா இருக்கும்வரை சின்னவள் சின்னவள்தான்.)

பெரியவள் பதினாலு வருஷமாகக் கடை வைத்திருக்கிறாள். கிளிப், ரிப்பன், தோடு, ஊக்கு, ஹேர்பேண்டு. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் இரண்டு வெறும் பையோடு போவாள். மத்தியானம் பையும் பெட்டியுமாக இறங்குவாள். எங்கே வாங்குகிறாள் என்று யாருக்கும் தெரியாது. பெட்டியைப் பிரித்ததும் கத்தரிக்கோலை எடுத்து, மேலே அச்சடித்திருக்கும் விலாசத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டுத்தான் வெளியே போடுவாள். சதுர ஓட்டை விழுந்த பெட்டிகளாகவே அவள் குப்பை இருக்கும். இது அவளுடைய கிறுக்கு என்றுதான் நான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். சில்லறைக் கடைக்காரர்கள் நிறையப் பேர் இப்படித்தான். வாங்கும் இடம் வெளியே தெரிந்தால் கடையே கைவிட்டுப் போன மாதிரி.

சின்னவள் பன்னிரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டினாள். தொழிற்சாலையை மூடினார்கள். புருஷன் அதற்கும் முன்பே —

(வேண்டாம். அவனுக்கு இந்தக் கதையில் இடம் கொடுப்பதாக இல்லை.)

அக்கா வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்தாள். ஆறு மாதம் சும்மா இருந்து பார்த்தாள். பிறகு தெருவின் மறுமுனையில் ஒரு குறுகல் கடையைப் பிடித்தாள். மூடிப்போன மருந்துக் கடையிலிருந்து கண்ணாடி அலமாரி வாங்கினாள். அதில் ஒட்டியிருந்த சீட்டுகள் சுரண்டியும் போகவில்லை. அதனால் தோடுகள் "கண் சொட்டு மருந்து" தட்டிலும், ரிப்பன்கள் "இருமல்" தட்டிலும் குடியேறின.

"அடுத்த தெருவுல பாரேன்டி" என்றாள் பெரியவள்.

"ஏன்க்கா, உன் வியாபாரத்த நானா அள்ளிட்டுப் போகப்போறேன்? உன் பக்கத்துல இருக்கலாமேன்னுதான் பாத்தேன்."

"நான் அதுக்குச் சொல்லலடி."

"பின்ன எதுக்கு?"

பதினாலு வருஷம் வாயை மூடிப் பழகியவளுக்குக் காரணத்தை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"கடைய வெச்சுக்கோ. எங்க வாங்குறேன்னு மட்டும் என்னைக் கேக்காதே."

சின்னவள் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டாள். நானும்தான். தெருவில் நாலு பேரிடம் அப்படியே சொல்லியும் வைத்தேன்.

3

கடை திறந்த பிறகுதான் சரக்கு தேடுகிற பாடு தெரிந்தது. ஒரு மொத்தக்கடையில் "குறைஞ்சது அம்பது டஜன்" என்றார்கள். இன்னொன்றில் போன வருஷம் விற்காததையெல்லாம் சிரித்த முகத்தோடு கட்டிக்கொடுத்தார்கள். வேறோர் இடத்தில் வாங்கிய கிளிப்புகளின் ஸ்பிரிங் இரண்டாம் தடவை அமுக்கும்போதே கையோடு வந்தது. வாங்கியவர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள்; அதோடு சரி, திரும்பி வரவில்லை.

அலமாரி காலியாகத் தெரியாமலிருக்க இரண்டு கிளிப்புக்கு நடுவில் ஒரு சாண் இடம் விட்டு அடுக்கினாள். நான் போனபோது, "நல்லா காத்தோட்டமா வெச்சிருக்கே" என்றேன்.

சின்னவள் சிரித்தாள். "கிண்டல் பண்ணாதீங்க டைலரக்கா. இன்னும் ரெண்டு மாசம் பாப்பேன். இதுவும் போச்சுன்னா அக்கா வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கெழவியாயிடுவேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அலமாரிக் கண்ணாடியைத் துடைத்த கை நின்றுவிட்டது.

4

இப்போது அந்த யாரோ ஒருவர்.

ஒரு திங்கட்கிழமை பெரியவள் காய்ச்சலோடு சரக்கு எடுத்து வந்தாள். பெட்டியைப் பிரித்தாள், தலையைப் பிடித்துக்கொண்டாள், அப்படியே வாசலில் போட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். பெட்டியில் ஓட்டை இல்லை. ஜன்னலிலிருந்தே பார்த்தேன். ஊசியை மெஷினில் அப்படியே நிறுத்திவிட்டு எழுந்தேன்.

சின்னவள்மேல் இரக்கப்பட்டுத்தான் அந்த விலாசத்தைக் கிழித்துக் கொடுத்தேன் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். நல்ல பக்கம். அழுகை வரும். அதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி, கொடுத்தால் என்ன நடக்கும் என்று பார்க்கிற ஆசை.

5

மொத்தக்காரருக்கு முதலில் பெரிய மீசை வைத்துக் கெட்டவராக்கினேன். பொருந்தவில்லை. சின்னவள் சொன்னபடி அவர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதையே தேடுகிற சாதாரண மனிதர். மூன்றாம் மாடி, பெயர்ப்பலகை கிடையாது, கூரைவரை பெட்டிகள்.

"எந்தக் கடைம்மா?"

சின்னவள் தெருவின் பெயரைச் சொன்னாள்.

"அங்க ஒருத்தங்களுக்கு ஏற்கெனவே குடுக்கிறேனே. ஒரு தெருவுக்கு ஒரு கடைதான்மா. ஆரம்பத்துலேர்ந்து அப்படித்தான். ரெண்டு பேருக்குக் குடுத்தா ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க, கடைசியில ரெண்டு பேரும் என்கிட்ட வரமாட்டாங்க."

அக்கா அடுத்த தெரு என்று சொன்னது ஏனென்று அந்த இடத்தில்தான் சின்னவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் திரும்பிப் படியிறங்கியிருக்கலாம். ஒரு வரைவில் இறங்க வைத்தும் பார்த்தேன். கதை அங்கேயே சுபமாக முடிந்தது. ஆனால் அவள் இறங்கவில்லை. கையில் ஒரு கிளிப் இருந்தது. அமுக்கினாள், விட்டாள், மறுபடி அமுக்கினாள். ஸ்பிரிங் கழன்று வரவில்லை.

"அவங்க கடைய மூடப்போறாங்க" என்றாள்.

"அடடா, உடம்புக்கு முடியலையா? போன தடவையே காய்ச்சல்னாங்க. சரி, அந்தப் பேர அடிச்சுட்டு உங்க பேர எழுதிக்கிறேன்."

6

அடுத்த திங்கட்கிழமை பெரியவள் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது இரண்டு பைகளும் மடித்தபடி அக்குளில் இருந்தன. தன் கடையைத் தாண்டி நேராகத் தெருமுனைக்கு நடந்தாள். தங்கை கடைக்குள் அவள் காலெடுத்து வைத்தது அன்றுதான் முதல் தடவை. ஒரு டஜன் ஊக்கு வாங்கப் போன சாக்கில் நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

பெரியவள் "இருமல்" தட்டைப் பார்த்தாள். "கண் சொட்டு மருந்து" தட்டைப் பார்த்தாள். புதுக் கிளிப் ஒன்றை எடுத்து அமுக்கினாள்.

"நல்ல ஸ்பிரிங்."

"அக்கா, நான் வந்து —"

"வாசல்ல பெட்டி கெடக்கு. அப்படியே போடாதே. விலாசத்த வெட்டிட்டுப் போடு. எடுக்கிறவங்க இருக்காங்க."

என் பக்கம் திரும்பவேயில்லை. பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

சின்னவள் அதைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள். வாசலுக்குப் போய் உட்கார்ந்து, பெட்டியில் சதுரமாக வெட்ட ஆரம்பித்தாள். சதுரம் கோணியது.

7

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: சின்னவள் தன் சரக்கில் பாதியை அக்காவுக்குக் கொடுக்கிறாள். (இது நடந்தது. என்னிடம்தான் கொடுத்தனுப்பினாள். பெரியவள் பையைப் பிரிக்காமல், "அவ கடைக்கு ஆகும்" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.)

இரண்டு: பெரியவள் வேறு மொத்தக்காரரைத் தேடிப் பிடிக்கிறாள். முழங்கால் வலியோடு இரண்டு திங்கட்கிழமை அலைந்தாள். மூன்றாவது —

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. இப்போது ஜன்னலில் பார்த்தால் தெரியும், அவள் கடையில் இரண்டு கிளிப்புக்கு நடுவில் ஒரு சாண் இடம். காத்தோட்டமாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு இப்போது வாய் வரவில்லை.

மூன்று: யாராவது போய் மொத்தக்காரரிடம் உண்மையைச் சொல்வது. அக்கா போகமாட்டாள்; தங்கை பொய் சொன்னாள் என்று அவள் வாயால் வராது. தங்கையால் முடியாது. விலாசத் துண்டு என் ஊசிப் பெட்டியில் இருக்கிறது. சின்னவள் வந்து என் மேஜையில் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். நான் போகலாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதல் பஸ் போகிற சத்தம் கேட்கிறது, நான் உட்கார்ந்து இந்தக் கதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். போய்ச் சொன்னால் அவர் ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதுவார், அவ்வளவுதான். கத்தரிக்கோல் தெருவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்குத் திரும்பி வரும்.

அதனால் நீங்களே போங்களேன். தெருவில் உங்களை யாருக்கும் தெரியாது. துண்டைத் தருகிறேன். மூன்றாம் மாடி, பலகை இருக்காது. உள்ளே போனதும் அவர் நெற்றிக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே கேட்பார்:

"எந்தக் கடைம்மா?"